செங்கல்பட்டிலிருந்து திருமலை வரை

மஹிந்திரா எக்ஸ்யுவி700 கார் உருவானது நகரிக்காரர்களான நமக்குப் பக்கத்தில்தான், செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ரிசர்ச் வேலியில். காஞ்சிபுரம் பக்கம் 454 ஏக்கர் சோதனைத் தடத்தில் ஓடிப் பழகி, புணே அருகே சாகன் ஆலையில் தயாராகி, 2021 ஆகஸ்டில் அறிமுகமானது.

அந்த நவம்பரில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு அதை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. சோதித்தது இரண்டே ஏர்பேக் கொண்ட அடிப்படை ரகத்தை. பெரியவர்கள் பாதுகாப்பில் 17-க்கு 16.03, ஐந்து நட்சத்திரம். குழந்தைகளுக்கு 49-க்கு 41.66, நான்கு நட்சத்திரம். பயணிகள் அமரும் கூடு நிலைகுலையவில்லை. இந்த வண்டியின் பெருமை அதுதான்.

நகரிக்கு வந்தால் அதன் வேலை குடும்பத்தைச் சுமப்பது. புத்தூர், வடமாலப்பேட்டை வழியாகத் திருப்பதி; அலிபிரியில் சோதனை முடிந்து திருமலை ஏற வேண்டும். மேல் ரகங்களில் முதல் வரிசையில் 10.25 அங்குலத் திரைகள் இரண்டு பளபளக்கும். மூன்றாம் வரிசையிலோ முழங்கால் மேலே தூக்கி நிற்கும்; மொட்டை போடப் போகும் பிள்ளைகளுக்குப் போதும், பெரியப்பாவுக்குப் போதாது. ஏழு பேரும் அமர்ந்தால் பின்னால் பைகள் வைக்க இடம் மிகக் குறைவு.

நான்கு சக்கர இயக்கம் கிடைத்தது உச்ச ரக டீசல் ஆட்டோமேட்டிக்கில்தான்; 2021 அறிமுகத்தின்போது காரின் தொடக்க விலை 11.99 லட்சம் என்றாலும் அந்த ரகம் 20 லட்சத்தைத் தாண்டியது. முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரத்துக்கும் இழுவிசை போகும். மழைச் சேற்றில் மாந்தோப்புக்குள் போய்வருபவருக்கு அது பயன். ஆனால் பிரேக் பிடிக்கும் தூரத்தை அது குறைக்காது. 1944-இல் திறந்த பழைய மலைப்பாதையில் இறங்கும்போது காப்பது கீழ் கியர், நல்ல டயர், நிதானம். இறங்க 40 நிமிடமாவது எடுக்க வேண்டும் என்று தேவஸ்தானம் விதித்திருப்பதும் அதற்காகத்தான்.

தோப்பு இல்லாத நகரிக் குடும்பத்துக்கு முன்சக்கர இயக்கமே போதும். மிச்சமாகும் பணத்தைக் கூடுதல் ஏர்பேக் உள்ள ரகத்துக்கும் குழந்தை இருக்கைக்கும் போடுங்கள். கடைசி வரிசைப் பிள்ளையும் பெல்ட் மாட்டிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.