செம்மூக்குத் துருவமான் ருடால்ஃப் (தொலைக்காட்சிப் படம்)

செம்மூக்குத் துருவமான் ருடால்ஃப் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் என்பிசி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் சிறப்பு அசைவூட்டத் திரைப்படம் ஆகும். ஆர்தர் ராங்கின், சூல்ஸ் பாஸ் ஆகியோர் இதனைத் தயாரித்தனர். ஆண்டுதோறும் மறு ஒளிபரப்புச் செய்யப்பட்டு வரும் இப்படம், காலப்போக்கில் பலமுறை மாற்றப்பட்டது. இதனால் வெவ்வேறு தலைமுறையினர் வெவ்வேறு வடிவங்களைப் பார்த்துள்ளனர்.

பின்னணி

ருடால்ஃப் என்னும் கதைமாந்தரை 1939 ஆம் ஆண்டில் மான்ட்கோமரி வார்டு அங்காடி நிறுவனத்துக்காக ராபர்ட் எல். மே உருவாக்கினார். அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் இயற்றிய பாடலை 1949 இல் ஜீன் ஆட்ரி பாடிப் புகழ்பெறச் செய்தார். படத்தின் பாடல்களையும் மார்க்ஸே இயற்றினார்.

கதைச் சுருக்கம்

ஒளிரும் சிவந்த மூக்குடன் பிறந்த ருடால்ஃபை ஏனைய மான்கள் ஒதுக்குகின்றன. பொம்மை செய்வதை விடுத்துப் பல் மருத்துவராக விரும்பும் ஹெர்மி என்ற குள்ளனுடன் அது வெளியேறுகிறது. உலோகம் தேடித் திரியும் யூகான் கொர்னீலியஸ் வழியில் இணைகிறார். மூவரும் எவருக்கும் வேண்டாத பொம்மைகள் வாழும் தீவை அடைகின்றனர். அப்பொம்மைகளுக்கு வீடு தேடித் தர உதவுவதாக ருடால்ஃப் வாக்களிக்கிறது. இறுதியில் பனிமூட்டத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு அதன் மூக்கே வழிகாட்டுகிறது.

தயாரிப்பு

பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம்பிடிக்கும் முறையில் இது உருவாக்கப்பட்டது. இப்பணி டோக்கியோவில் ததாஹிதோ மொச்சினாகாவின் மேற்பார்வையில் நடைபெற்றது. கதைசொல்லியாக பர்ல் ஐவ்ஸ் குரல் கொடுத்தார். ருடால்ஃபுக்குக் கனடிய நடிகை பில்லி மே ரிச்சர்ட்ஸ் குரல் கொடுத்தார். படத்தின் தொடக்கத்தில் உரோம எண்களில் தரப்பட்ட ஆண்டு, 1964 என்பதற்குப் பதிலாக 1164 எனப் பிழையாக அமைந்தது.

மாற்றங்கள்

முதல் ஒளிபரப்பில், தீவில் இருந்த பொம்மைகள் மீட்கப்படுவது காட்டப்படவில்லை. வாக்குறுதி நிறைவேறவில்லை எனப் பார்வையாளர்கள் முறையிட்டனர். ஆகவே 1965 ஆம் ஆண்டு ஒளிபரப்புக்காக, கிறிஸ்துமஸ் தாத்தா அப்பொம்மைகளை ஏற்றிச்செல்லும் காட்சி புதிதாகச் சேர்க்கப்பட்டது. "வீ ஆர் எ கப்புள் ஆஃப் மிஸ்ஃபிட்ஸ்" என்ற பாடலின் இடத்தில் "ஃபேம் அண்ட் ஃபார்ச்சூன்" என்ற பாடல் இடம்பெற்றது.

யூகான் கொர்னீலியஸ் மிளகுக்கீரை மிட்டாய்ச் சுரங்கத்தைக் கண்டுபிடிக்கும் காட்சியும் பிற்கால ஒளிபரப்புகளில் நீக்கப்பட்டது. படம் முழுவதும் அவர் தம் கோடரியை நக்கிப் பார்ப்பது ஏன் என்பதை விளக்குவது அக்காட்சியே. அது இல்லாத வடிவத்தில் அச்செயல் காரணமற்ற வேடிக்கையாக மட்டுமே தோன்றும்.

வீட்டு நிகழ்பட வெளியீடுகள்

1990களில் நடைபெற்ற மீட்டெடுப்பில் முதற்பாடல் மீண்டும் தன் இடத்தைப் பெற்றது. மாற்றாக வந்த பாடல் 2004 ஆம் ஆண்டு டிவிடியில் தனி இணைப்பாகத் தரப்பட்டது. சுரங்கக் காட்சியும் வீட்டு நிகழ்பட வெளியீடுகள் வழியே மீண்டும் கிடைத்தது. 1965 இல் சேர்க்கப்பட்ட மீட்புக் காட்சியோ நீக்கப்படாமல் படத்தின் நிலையான பகுதியாகிவிட்டது. எனவே இவ்வெளியீடுகளில் காணப்படுவது 1964 இல் ஒளிபரப்பான வடிவம் அன்று. முதல் வடிவமும் பார்வையாளர் வேண்டுகோளால் பிறந்த முடிவும் இணைந்த வடிவமாகும்.

தொலைக்காட்சியில் 1972 முதல் 2023 வரை சிபிஎஸ் இப்படத்தை ஒளிபரப்பியது. 2024 இல் இது மீண்டும் என்பிசிக்குத் திரும்பியது.