மாங்காய் வடிவம்: காஷ்மீர் சால்வையிலிருந்து பெய்ஸ்லி வரை

மாங்காய் வடிவம் என்பது அடி பருத்து, நுனி ஒரு பக்கமாக வளைந்து முடியும் துணி அலங்கார வடிவம். காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளின் கரையிலும் முந்தானையிலும் இதைக் காணலாம். பாரசீகத்தில் இது 'போத்தே' எனவும், காஷ்மீரில் 'பூட்டா' எனவும், வட இந்தியாவில் 'அம்பி', 'கைரி' எனவும் அழைக்கப்படுகிறது. ஆனால் உலகச் சந்தையில் இதன் பெயர் 'பெய்ஸ்லி'. அது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள நெசவு ஊர் ஒன்றின் பெயர். காஷ்மீர்ச் சால்வைகளில் உருப்பெற்ற வடிவம் அந்த ஊரின் பெயரைப் பெற்ற வரலாறு, ஒரு வடிவம் எப்படிப் பிறந்து கைமாறுகிறது என்பதையும், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் காட்டுகிறது.

பூச்செடியும் மாங்காயும்

லடாக்கின் சாங்தாங் பீடபூமியிலும் மேற்குத் திபெத்திலும் வளரும் ஆடுகளின் மெல்லிய உள்மயிரே பஷ்மினா. அந்த நூலால் நெய்யப்பட்ட காஷ்மீர்ச் சால்வைகளை முகலாய அரசர்கள் விரும்பி அணிந்தனர். அக்பருக்குச் சால்வைகளில் இருந்த ஈடுபாட்டை 'ஐன்-இ-அக்பரி' குறிப்பிடுகிறது.

ஜஹாங்கீர் 1620-இல் காஷ்மீர் சென்றபோது, ஓவியர் மன்சூர் அங்குள்ள மலர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரைந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். ஐரோப்பியத் தாவர நூல்களில் அச்சான படங்களும் முகலாய ஓவியர்களுக்குக் கிடைத்திருந்தன. நேரில் கண்ட மலரும் அயல்நாட்டு நூலின் படமும் சேர்ந்து அக்கால அலங்காரக் கலைக்குத் தூண்டுதலாயின.

17-ஆம் நூற்றாண்டுச் சால்வைகளில் தண்டும் இலையும் தெளிவாகத் தெரியும் ஒற்றைப் பூச்செடி காணப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் பூக்கள் நெருங்கிக் கொத்தாயின. கொத்தின் நுனி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னர் அதன் வெளிக்கோடு மூடிக்கொண்டு மாங்காய் வடிவமானது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது மேலும் நீண்டு, சால்வையின் பெரும்பகுதியை நிறைத்தது. இந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி ஆராய்ந்தவர்களுள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் இர்வின் முக்கியமானவர்.

தாலிம்

காஷ்மீரில் வடிவத்தை வரைபவர் 'நக்காஷ்' எனப்பட்டார். அந்தப் படத்தைப் பார்த்து எந்த நிறத்தில் எத்தனை இழை என்று ஒருவர் வரிசையாகச் சொல்ல, மற்றொருவர் அதைக் குறியீடுகளாக எழுதினார். இக்குறியீட்டு ஏட்டின் பெயர் 'தாலிம்'. நெசவாளர் படத்தைப் பார்த்து நெய்வதில்லை. தாலிமைப் பின்பற்றியே நெய்வார். இன்றைய பின்னலாடை வடிவமைப்பில் ஒரு கட்டத்தை ஒரு கண்ணியாகக் கொண்டு கட்டத்தாளில் டிசைன் வரைவதும் இதே அடிப்படையில் அமைந்த முறையாகும்.

ஒவ்வொரு நிற நூலும் தனித்தனி மரக்குச்சியில் சுற்றப்பட்டிருக்கும். இக்குச்சிகளுக்குக் 'கானி' என்று பெயர். ஊடை இழை துணியின் அகலம் முழுவதும் ஓடாது. அந்த நிறத்தின் எல்லை வரை சென்று, பக்கத்து நிற இழையுடன் கோத்துக்கொண்டு திரும்பும். இதனால் நுட்பமான சால்வை ஒன்றை முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆனது. வேலையை விரைவுபடுத்த, சால்வையைப் பகுதிகளாகப் பல தறிகளில் நெய்து, தையல் தெரியாதபடி இணைக்கும் முறையும் இருந்தது. 1820-களில் காஷ்மீரில் தங்கியிருந்த வில்லியம் மூர்கிராஃப்ட் இத்தொழிலை விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

ஐரோப்பியப் போலிகள்

கிழக்கிந்தியக் கம்பெனியினர் கொண்டுசென்ற சால்வைகள் பிரிட்டனில் புகழ்பெற்றன. 1798-இல் தொடங்கிய எகிப்துப் படையெடுப்புக்குப் பின் அவை பிரான்சிலும் பரவின. நெப்போலியனின் மனைவி ஜோசபின் பல காஷ்மீர்ச் சால்வைகளை வைத்திருந்தார். விலை மிக அதிகமாக இருந்ததால் எடின்பரோ, நாரிச் ஆகிய ஊர்களில் போலிகள் நெய்யப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெய்ஸ்லியும் இத்தொழிலில் இறங்கியது.

பெய்ஸ்லி நெசவாளர்கள் மெல்லிய துணி நெய்வதில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். அவர்களது தறியில் பாவு இழைகளைத் தூக்கக் கூடவே ஒரு சிறுவன் வேலைசெய்தான். பிரான்சில் 1804-இல் ஜக்கார்டு உருவாக்கிய துளையட்டைக் கருவி பின்னர் அவ்வேலையை ஏற்றது. இங்கு ஊடை இழை முழு அகலமும் ஓடியது. பின்புறம் தொங்கிய இழைகள் வெட்டப்பட்டன. லண்டனில் வந்திறங்கிய புதிய காஷ்மீர்ச் சால்வைகளின் வடிவங்களை முகவர்கள் படியெடுத்து பெய்ஸ்லிக்கு அனுப்பினர். சில காலத்தில் பிரெஞ்சு வணிகர்கள் தங்கள் ரசனைக்கேற்ற வடிவங்களைக் காஷ்மீருக்கே அனுப்பி நெய்யவைத்தனர்.

நெசவாளர் நிலை

வடிவம் புகழ்பெற்ற அளவுக்கு நெசவாளர் வாழ்க்கை உயரவில்லை. 1840-களின் தொடக்கத்தில் பெய்ஸ்லியில் ஏற்பட்ட மந்தத்தால் பல நிறுவனங்கள் நொடித்தன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

காஷ்மீரில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. 1846-ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கைப்படி காஷ்மீர் மன்னர் ஆண்டுதோறும் ஒரு குதிரை, 12 சால்வை ஆடுகள், மூன்று இணைச் சால்வைகள் ஆகியவற்றைப் பிரிட்டிஷ் அரசுக்குத் தர வேண்டும். அரசுக்கு வருமானமாக இருந்த சால்வை மீது 'தாக்' எனும் முத்திரை வரி விதிக்கப்பட்டது. நெசவாளர் விரும்பியபடி தொழிலை விட்டு விலகவும் தடை இருந்தது. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் நெசவாளர்கள் ஊர்வலமாகச் சென்றனர். படையினர் அவர்களைத் தாக்கி விரட்டியதில் பலர் நீரில் மூழ்கி இறந்தனர்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போர் காஷ்மீரின் முதன்மைச் சந்தையை மூடியது. பெண்களின் உடைப்பாணியும் மாறியதால் பெரிய சால்வைகளுக்குத் தேவை குறைந்தது. 1877-இல் தொடங்கிய பஞ்சம் எஞ்சியிருந்த நெசவாளர் பலரின் உயிரைப் பறித்தது. பெய்ஸ்லியின் சால்வைத் தொழிலும் அதே காலத்தில் நலிந்தது.

இன்று

சால்வைத் தொழில் நலிந்தாலும் வடிவம் நிலைத்தது. அச்சிட்ட பருத்தித் துணி, கழுத்துப்பட்டை, கைக்குட்டை, பின்னலாடை என அது புதிய இடங்களுக்குச் சென்றது. 1960-களில் இளைஞர் உடைகளில் மீண்டும் புகழ்பெற்றது. காஷ்மீரின் கானிஹாமா கிராமத்தில் தாலிமைப் படித்து நெய்யும் முறை இன்றும் தொடர்கிறது. கானி சால்வைக்கு இந்தியாவின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இக்குறியீடு சால்வையின் பெயரையும் தயாரிப்பையும் காக்கிறது. மாங்காய் வடிவத்தை எவரும் எங்கும் பயன்படுத்தலாம். முகலாய ஓவியரின் மலர், காஷ்மீர் நக்காஷின் கோடு, பெய்ஸ்லி நெசவாளரின் தறி ஆகிய மூன்றும் அவ்வடிவத்தின் வரலாற்றில் அடங்கும். ஆனால் உலகம் வழங்கும் பெயரில் கடைசியாக வந்த ஊர் மட்டுமே நிலைத்துள்ளது.