ஏரிக்கரைக் கன்னிமாரும் பகடைத் தெய்வங்களும்

ஆர்.கே.பேட்டை உள்ளிட்ட திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் ஏரிகளை நம்பி வாழ்ந்தவை. வடதமிழகத்து ஏரிக்கரைகளில் மஞ்சள் பூசிக் குங்குமமிட்ட ஏழு கற்களை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். அவையே கன்னிமார். உச்சிவேளையில் அவர்கள் நீராட இறங்குவர், அப்போது அங்கே போகலாகாது என்பது ஊரார் நம்பிக்கை. அவர்களுக்குத் தனித்தனிப் பெயரில்லை, ஆயுதமில்லை. நீரும் கரையுமே அவர்தம் அடையாளம்.

மேலைநாட்டிலும் இத்தகைய வனதேவதைகள் உண்டு. நாட்டார் கதைகளில் உலவிய தேவதைகளின் அரசிக்கு டைட்டானியா என்று பெயரிட்டவர் ஷேக்ஸ்பியர். அப்பெயரோ ஓவிட் என்னும் உரோமக் கவிஞர் டயானாவுக்கு வழங்கியது. 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, பின்னாளில் அவளையும் தன் தெய்வ வரிசையில் சேர்த்துக்கொண்டது. அதற்கென 1980இல் வந்த தெய்வங்கள் பற்றிய நூலில் நம் இந்திரனுக்கும் அக்கினிக்கும் காளிக்கும்கூட உயிர்வலுவும் காப்புவலுவும் எண்களாகக் குறிக்கப்பட்டன. கன்னிமார் அதில் இல்லை.

தெய்வத்தைப் பட்டியலில் அடைப்பது அயலார் வேலை மட்டும்தானா? கன்னிமாரை எழுவர் தாய்மாராகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிராமிக்கு அன்னம், மகேசுவரிக்குக் காளை, கௌமாரிக்கு மயில் என ஒவ்வொருத்திக்கும் பெயரும் ஊர்தியும் படைக்கலமும் சிற்ப நூல்களில் வகுக்கப்பட்டுள்ளன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலேயே எழுவர் தாய்மார் அமர்ந்திருக்கின்றனர். அவ்வரிசையில் வைத்தெண்ணப்பட்டபோது, ஏரிக்கரைக் கன்னியர் அன்னையராயினர். நீர்நிலையை விட்டும் விலகினர்.

இடத்தை விடாதவர்கள் இருளர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். விழா முடிந்ததும் அந்த மணற்கோயில் மணலோடு மணலாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு கடலோரத்திலேதான் மீண்டும் எழும்.

நாளை ஒரு தமிழ் இளைஞர் கன்னிமாரைக் கணினி விளையாட்டில் உலவவிட்டால் நாம் மகிழ்வோம். கதைகள் அவ்வாறே வாழ்கின்றன. ஆயினும் அவர்களுக்கு அளிக்கும் வலு அந்த ஏரியின் நீர்மட்டத்தோடு ஏறியிறங்குவதாக அமையட்டும். ஏரி தூர்ந்த ஊரில் எஞ்சியிருப்பவை ஏழு கற்கள் மட்டுமே.