ஜின்னும் பிசாசும்

கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் முஸ்லிம் அன்பர் ஒருவர் "ஜின்" என்று கூறுங்கால், கிறிஸ்தவராகிய நாம் பெரும்பாலும் "பிசாசு" என்றே பொருள்கொள்ளுகிறோம். வரலாறு இதற்கு இடந்தருவதில்லை.

இஸ்லாத்திற்கு முற்பட்ட அரேபியர், பாலைவனத்தின் ஆளற்ற பள்ளத்தாக்குகளை ஜின்களுக்குரியவை என நம்பினர். இரவில் அங்குத் தங்கும் வழிப்போக்கன் அப்பள்ளத்தாக்கின் தலைவனிடம் அடைக்கலம் கோருவான். கவிஞனுக்குச் சொல் அருள்வதும் ஜின்னே. ஊரெல்லை முனியப்பனை வணங்கிவிட்டுப் பயணந்தொடரும் கொங்கு நாட்டு வழக்கத்தை அறிந்தோர்க்கு இம்மனநிலை அயலானதன்று.

குர்ஆன் இந்நம்பிக்கையை அகற்றாது, அதன் பொருளை மாற்றிற்று. ஜின்கள் நெருப்பினின்று படைக்கப்பட்டவை (55:15). மனிதரைப் போன்றே இறைவனை வணங்கக் கடமைப்பட்டவை (51:56). அவற்றின் பெயரையே தாங்கிய 72ஆம் அதிகாரத்தில், ஜின்களுள் ஒரு கூட்டம் ஓதுதலைக் கேட்டு நம்பிக்கை கொள்ளுகிறது. மேற்சொன்ன அடைக்கல வழக்கமும் அங்கே கண்டிக்கப்படுகிறது. அஞ்சி வணங்கப்பட்டவை நியாயத்தீர்ப்புக்கு உட்பட்ட சிருஷ்டிகளாயின. நம் நாட்டுப் பேயோ பெரும்பாலும் அகால மரணமடைந்தோரின் ஆவி.

இக்குழப்பத்தில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. சோதனைக்காரனைக் குறிக்கும் "தியாபொலொஸ்", மக்களைப் பிடிக்கும் "தைமோனியன்" ஆகிய இரு கிரேக்கச் சொற்களுக்கும் நமது பழைய திருப்புதல் பெரிதும் "பிசாசு" என்ற ஒரே சொல்லை ஆளுகிறது. 1865இல் வெளிவந்த வான் டைக் அரபுத் திருமறையோ முன்னதை "இப்லீஸ்" என்றும் பின்னதை "ஷைத்தான்" என்றும் பிரிக்கிறது. கெர்கெசேனர் நாட்டில் கல்லறைகளிலிருந்து வந்தோரை (மத்தேயு 8:28) "மஜ்னூன்" என்கிறது. ஜின் பிடித்தவன், பைத்தியக்காரன் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மக்காவாசிகள் முகம்மது நபியை அவ்வாறே பழித்தனர். குர்ஆன் அதனை மறுக்கிறது (68:2). நம் ஆண்டவர் மீதும் அதே இரட்டைப் பழி சுமத்தப்பட்டதை யோவான் 10:20இல் வாசிக்கிறோம்.

கல்லறைகளில் வாழ்ந்தவனைச் சங்கிலியால் கட்டியவர்கள் ஊராரே (மாற்கு 5:4). 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த தனியார் இல்லமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. எனினும், மாத்திரை உண்பதை விசுவாசக் குறைவெனக் கண்டிக்கும் குரல் நம்முடைய ஜெபக்கூட்டங்களிலும் எழுவதுண்டு; இதனை மறைத்துவிட்டு ஏர்வாடியைப்பற்றி மட்டும் எழுத நமக்கு மனமில்லை.