ஈரலின் செத்தவீடு

1653ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் ஈரலுக்குச் செத்தவீடு நடந்தது. பகிடி இல்லை. டென்மார்க்கின் உடற்கூற்றியல் பேராசிரியர் தோமஸ் பார்த்தோலின், தான் கண்டுபிடித்த நிணநீர்க் குழாய்களைப் பற்றி அந்த ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே ‘ஈரலின் இறுதிச் சடங்கு’ என்ற சொற்களும் இருந்தன. உள்ளே, கல்லறையில் பொறிப்பதுபோல ஈரலுக்கு ஒரு நினைவு வாசகமும் எழுதி வைத்தார்.

ஓர் உறுப்புக்கு ஏன் செத்தவீடு செய்யவேணும்? ஏனெண்டால் அதுவரைக்கும் ஈரல்தான் உடம்பின் ராசா. (ஈரல் எண்டு இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்வது கல்லீரலை.) அந்த ராசா எப்படிச் சிம்மாசனம் ஏறினார், எப்படி இறக்கப்பட்டார், அவர் விட்டுப்போன சொற்கள் இன்றைக்கு எங்கட ஆக்களை என்ன பாடுபடுத்துகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆட்டு ஈரலில் எழுதிய தீர்ப்பு

ஆடு உரிக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வயிற்றைத் திறந்தால் ஈரல் கண்ணில் படாமல் போகாது. பெரிசு, கனம், கருஞ்சிவப்பு. வெட்டினால் இரத்தம் வடியும். இரத்தம் போனால் உயிர் போகும் என்பதைக் கண்ணால் கண்ட மனிசர், இவ்வளவு இரத்தத்தை வைத்திருக்கும் உறுப்பில்தான் உயிர் குடியிருக்குது என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பழைய மெசொப்பொத்தேமியாவில் இந்த நினைப்பு ஒரு பெரிய சாத்திரமாகவே வளர்ந்தது. பலியிட்ட ஆட்டின் ஈரலில் தெய்வங்கள் தங்கள் தீர்ப்பை எழுதி வைப்பதாக நம்பினார்கள். போருக்குப் போகலாமா, அரசருக்கு ஆபத்து இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஈரலைப் பார்த்துப் பதில் சொல்லும் குறிகாரர்கள் இருந்தார்கள். பிரித்தானிய அருங்காட்சியகத்தில், கி.மு. 1900 – 1600 காலத்துக் களிமண் ஈரல் ஒன்று இருக்கிறது. அதன் மேற்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்த இடத்தில் அடையாளம் கண்டால் என்ன பலன் என்று ஆப்பெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்கட பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போடுவினமே, கிட்டத்தட்ட அதுமாதிரி. சிரியாவின் மாரி அரண்மனை இடிபாடுகளில் மட்டும் 32 களிமண் ஈரல் மாதிரிகள் கிடைத்தன. 1877இல் இத்தாலியின் பியாசென்சாவுக்கு அருகில் வயல் உழுத ஒருவருக்கு வெண்கல ஈரல் ஒன்று அகப்பட்டது. எத்ரஸ்கர்கள் செய்த அந்த ஈரலின் மேல் அவர்களின் தெய்வங்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

குறிகாரர் கொடுத்த இடத்தை மருத்துவரும் கொடுத்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் போட்ட கணக்கு இதுதான்: சாப்பாடு குடலில் செரிக்கும்; அந்தச் சாறு ஈரலுக்குப் போகும்; ஈரல் அதைச் சமைத்து இரத்தமாக்கும்; இரத்தம் நாளங்கள் வழியே உடம்பெங்கும் போகும். அதில் முக்கியமான சங்கதி, போன இரத்தம் திரும்பி வராது. வாய்க்காலில் விட்ட தண்ணியைப் பயிர் குடித்து முடிப்பதுபோல உடம்பு அதைக் குடித்து முடித்துவிடும். ஆகவே ஈரல் ஓயாமல் புது இரத்தம் சமைத்துக்கொண்டே இருக்கவேணும். அரபு மருத்துவர்கள் வழியாகவும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வழியாகவும் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் இந்தக் கணக்கு செல்லுபடியானது.

ராசா விட்டுப்போன சொற்கள்

ஒரு நம்பிக்கை அவ்வளவு காலம் நின்றால் அது மொழிக்குள்ளும் இறங்கிவிடும். பாரசீகத்தில் ‘ஜிகர்’ என்றால் ஈரல். அதே சொல்லுக்குத் துணிவு, பாசம் என்ற பொருள்களும் உண்டு. உருதுவில் பெற்ற பிள்ளையை ‘ஈரலின் துண்டு’ என்பார்கள். சென்னைத் தமிழில் வரும் ‘ஜிகிரி தோஸ்து’ ஈரலுக்குள் வைத்திருக்கும் சிநேகிதன்தான். 2014இல் வந்த ‘ஜிகர்தண்டா’ படத்தைப் பார்த்த எங்களில் எத்தனை பேருக்கு, அந்த மதுரைக் குளிர்பானத்தின் பெயருக்கு ஈரல் குளிர்தல் என்று பொருள் எனத் தெரியும்? இந்த ‘ஜிகர்’, சமஸ்கிருதத்தின் ‘யக்ருத்’, கிரேக்கத்தின் ‘ஹெப்பார்’ மூன்றும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். வைத்தியர் சொல்லும் ‘ஹெப்பட்டைட்டிஸ்’ அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கூடப்பிறந்ததுகள் என்றாலும் ஒன்று பாசத்துக்கும் மற்றது நோய்க்கும் போய்விட்டது.

மலாய் மொழியில் ‘ஹாத்தி’ என்றால் ஈரல். மனம் என்பதற்கும் அதே சொல்தான். காதலி ‘ஹாத்தியின் கனி’; மனத்தாங்கல் ‘ஹாத்தி நோவு’. தென்னாபிரிக்காவின் சூலு மொழியில் ஈரலுக்கும் துணிவுக்கும் ஒரே சொல்: ‘இசிபிந்தி’. இந்த இடங்களில் கேலனின் கணக்கு தேவைப்பட்டிருக்காது. விலங்கை வெட்டிய கை இருந்தால் போதும்.

தமிழிலும் அந்தக் கை இருக்கிறது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்ற பெயர்களைப் பாருங்கோ. கல், மண், நுரை என்று தொட்டுப் பார்த்து வைத்த பெயர்கள் போலவே இருக்கு. ஆனால் எங்கட பேச்சில் ஈரலுக்குக் கிடைத்த வேலை பயப்படுகிறதுதான். ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ எண்டு சொல்லும்போது நடுங்குவது ஈரலும் அதோடு சேர்ந்த குலையும். சூலுக்காரருக்கு ஈரலில் துணிவு, எங்களுக்கு அதில் நடுக்கம். ஈரலில் ஊறும் பித்தத்துக்கோ இன்னும் பெரிய வேலை. சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்று அது. தலைசுற்றினால் பித்தம்; புத்தி பிசகினால் பித்து; உலக வழக்குக்கு அடங்காத சிவனுக்கும் பித்தன் என்று பெயர். கிரேக்கரும் ஆறாத சோகத்துக்குக் ‘கரும்பித்தம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

சிம்மாசனம் பறிபோனது

1628இல் வில்லியம் ஹார்வி ஓர் எளிய கணக்குப் பார்த்தார். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினார். அரை மணித்தியாலத்துக்குள்ளேயே உடம்பில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிடக் கூடுதலாக வந்தது. அவ்வளவு இரத்தத்தைச் சாப்பாட்டிலிருந்து சமைத்து முடியாது. அப்ப ஒரே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேணும். வாய்க்கால் கதை அதோடு சரி.

மிச்சம் இருந்தது செரித்த சாறு ஈரலுக்குப் போகிறது என்ற பகுதி. 1622இல் இத்தாலியரான கஸ்பாரே அசெல்லி, சாப்பிட்டு முடித்த நாயின் குடலருகே பால்போல வெளுத்த குழாய்களைக் கண்டார். அவையும் ஈரலுக்கே போகும் என்று நினைத்தார். 1651இல் பிரெஞ்சுக்காரரான ழான் பெக்கே, அந்த வெள்ளைச் சாறு ஈரலைத் தொடாமல் நெஞ்சு வழியே ஏறி இதயத்துக்குக் கிட்டவுள்ள நாளத்தில் கலக்கிறது என்று காட்டினார். ரெண்டு வருசத்தில் பார்த்தோலின் செத்தவீட்டை நடத்தி முடித்தார். ஈரலுக்கு மிஞ்சியது பித்தம் வடிக்கும் வேலை மட்டும்தான்.

பிணம் எழும்பியது

ஆனால் அது அவசரப்பட்டுச் செய்த செத்தவீடு. அந்த வெள்ளைக் குழாய்களில் போவது பெரும்பாலும் கொழுப்பு. அதனால்தான் பால் நிறம். சீனியும் புரதத்தின் கூறுகளும் கேலன் சொன்ன அதே நாளத்தின் வழியாக, நேரே ஈரலுக்குத்தான் போகின்றன. பாரிசில் கிளோட் பேர்னார்ட் என்ற ஆய்வாளர், இறைச்சி மட்டும் தின்ற நாயின் ஈரலிலும் சீனி இருப்பதை 1848இல் கண்டார். அப்ப ஈரல் தானே சீனி செய்கிறது. 1857இல் ஈரல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார்.

இரத்தக் கதையும் முழுப்பொய் இல்லை. தாயின் வயிற்றில் சிசு இருக்கும்போது பல மாதங்களுக்கு அதன் இரத்த அணுக்களைச் செய்வது ஈரல்தான். எலும்பு மச்சை பிறகுதான் பொறுப்பெடுக்கும். ‘ஈரல் சாப்பிடு, இரத்தம் ஊறும்’ எண்டு அம்மம்மாமார் சொல்வதிலும் விசயம் இருக்கு. 1926இல் அமெரிக்காவில் மைனொட், மர்ஃபி இருவரும் அதுவரை உயிரைக் கொல்லும் ஒருவகை இரத்தச்சோகையை நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தே மாற்றினார்கள். 1934இல் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த மருந்து விற்றமின் பி12 என்பது 1948இல்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கிரேக்கப் புராணத்தில் புரொமீதியசின் ஈரலைக் கழுகு பகலில் தின்னும், இரவில் அது வளர்ந்துவிடும். ஈரல் வளரக்கூடியது என்று கிரேக்கருக்கு அப்பவே தெரியும் எண்டு சிலர் எழுதுகினம். அதற்கு ஆதாரம் இல்லை. சாகாவரம் பெற்றவனின் எந்த உறுப்பும் வளரத்தானே செய்யும். ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் அது பழைய அளவுக்கு வளர்கிறது என்று எலிகளில் அளந்து காட்டியது 1931இல். ‘எல்லாம் எங்கட முன்னோருக்கு முந்தியே தெரியும்’ எண்டு கதைக்கிற எங்களுக்கும் இந்தப் பாடம் தேவை.

செங்கமாரியும் வெட்கமும்

அந்தப் பாடம் எங்கே தேவைப்படும் என்பதற்குக் கீழ்க்காய்நெல்லி நல்ல உதாரணம். மஞ்சள் காமாலையை எங்கட பக்கம் செங்கமாரி என்போம். வந்த உடனே கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்லுவினம். அநேகம் பேருக்குச் சுகமாகியும் விடும். ஆனால் அழுக்குத் தண்ணியால் வரும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறும். பெயர் மருந்துக்குப் போய்விடும். நாட்பட நிற்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி வேற கதை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், அந்த வைரசைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, கீழ்க்காய்நெல்லி குடித்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு வரவில்லை. சாத்திரத்தை அவமதிக்கத் தேவையில்லை. ஆனால் செங்கமாரியில் எந்த வகை என்று இரத்தம் சோதித்துப் பார்க்காமல் இலையோடு மட்டும் நின்றுவிட்டால், போகிறது காலம்.

செங்கமாரிக்கு அரசியலும் உண்டு. 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அது பரவியபோது, ஈரலைத் தாக்கியது வைரஸ் என்றாலும் அதற்கு வழிவிட்டது முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட லட்சக்கணக்கான சனத்தின் தண்ணியும் மலசலகூடமும்.

இன்றைக்கு ஈரலுக்கு எங்கட சமூகம் கொடுத்திருக்கும் பொருள் ஒன்றே ஒன்று: குடி. ‘ஆளுக்கு ஈரல் பழுதாம்’ எண்டு கேட்டால் அடுத்த கேள்வி, ‘நல்லாக் குடிக்கிறவரோ?’ குடி ஈரலை அழிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் றாகமையில் வயதுவந்தவர்களிடம் நடந்து, 2009இல் வெளிவந்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. அது குடியால் வந்த கொழுப்பு இல்லை. உடல் எடை, சீனி வருத்தம் ஆகியவற்றோடு போகும் நோய் அது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத அம்மாமாருக்கும் வரும். அவர்கள் ஸ்கேன் துண்டை ஒளித்து வைக்கிறார்கள். கிளினிக் நாளுக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். குடித்தவருக்கோ ‘தேடிக்கொண்ட வினை’ என்ற தீர்ப்பு, வைத்தியம் தொடங்க முன்னமே வந்துவிடுகிறது. களிமண் ஈரலில் அரசனின் விதியை வாசித்த குறிகாரரை நினைத்துச் சிரிக்கிறோம். நாங்களும் ஈரலைப் பார்த்து ஆளின் குணத்தைத்தானே வாசிக்கிறோம்?

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் உடற்கூற்றியலைத் தமிழிலேயே படிப்பித்தார். அவர் முயற்சியால் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ தமிழ் நூலாக வெளிவந்தது. தன் மாணவர் தம் ஊர்ச்சனத்துக்கு அவர்களின் சொல்லிலேயே நோயை விளக்கவேணும் என்பது அவர் எண்ணம். 150 வருசம் கழித்தும் அந்த வேலை முடியவில்லை. ‘ஃபட்டி லிவர்’ எண்டு ஆங்கிலத்தில் எழுதிய துண்டோடு வீட்டுக்கு வரும் ஒருவரிடம், அது என்ன, எதால் வரும், ஆரம்பத்தில் பிடித்தால் மாற்றலாம் என்று தமிழில் சொல்ல ஆள் வேணும். அந்த ஆள் நாங்களாக இருக்கலாம். குடிக்கிறவரோ எண்டு கேட்கிறதை விட்டுட்டு, அடுத்த கிளினிக் எப்ப எண்டு கேட்டால் போதும்.