இருமலுக்குள் ஒளிந்த எழுத்து



1970இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ரிச்சர்ட் வாரன், பதிவு செய்த ஆங்கில வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி, அங்கே இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், எதுவும் விடுபடவில்லை என்றார்கள்!

இன்னொரு சோதனையில் ஒரு சொல்லின் முதல் ஒலி மறைந்து 'ஈல்' மட்டும் நின்றது. வாக்கியம் வண்டி அச்சில் முடிந்தால் 'வீல்' என்று கேட்டது. ஆரஞ்சில் முடிந்தால் 'பீல்', அதாவது தோல். பின்னால் வந்த சொல்லை வைத்து முன்னொலியை மூளை நிரப்பிக்கொண்டது.

தெரிந்த சொல்லைத்தானே அப்படி நிரப்ப முடியும்? சொல்வதெழுதுதலில் புதுச் சொல்லைத் தப்பாக எழுதியவர்களிடம், "காது எங்கே இருக்கிறது?" என்று அதட்டியிருக்கிறேன். குறை காதில் இல்லை. சொல்லை முதலில் பழக்காத என்னிடம். மன்னியுங்கள், பிள்ளைகளே.