உறுமும் நாயை அடித்தால் என்ன ஆகும்? அடிக்காமல் பழக்குவது எப்படி?

காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவ கிராமம் பட்டினச்சேரி. இதுபோன்ற கடலோர ஊர்களில் படகு கரை திரும்பும் நேரம் நாய்களுக்கு அத்துப்படி. வலையை உதறும்போது விழும் பொடிமீனுக்காக முன்கூட்டியே வந்து மணலில் படுத்துக் கிடக்கும். எந்த வலையின் ஓரத்தில் நின்றால் மீன் கிடைக்கும், யார் கல்லை எடுப்பார், கருவாடு காயும் இடத்தில் எப்போது ஆள் இருக்காது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. விழுந்த மீனும் பறந்து வந்த கல்லும்தான் பாடம்.

நாய்ப் பயிற்சி என்றாலே பலருக்கும் போலீஸ் மோப்ப நாய், விசில், பெரிய மைதானம்தான் ஞாபகம் வரும். ஆனால் வீட்டு நாயோ தெரு நாயோ, மனிதர்களோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் எதையாவது கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. குரைத்தால் சோறு வரும் என்று கற்றுக்கொள்ளலாம். அமைதியாக உட்கார்ந்தால் சோறு வரும் என்றும் கற்றுக்கொள்ளலாம். ரெண்டில் எதைக் கற்பது என்பது கிண்ணத்தை வைப்பவர் கையில் இருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025-ல் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்திலேயே வைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11-ம் தேதி உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-ம் தேதி அது மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ஆனால் ரேபிஸ் பாதித்த, ஆக்ரோஷமான நாய்களை விடக்கூடாது என்றது நீதிமன்றம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு.

டிவி விவாதங்களில் நாய்ப் பிரியர்கள், நாய் எதிர்ப்பாளர்கள் என்று இரண்டு அணி. ஆனால் வாசலில் படுத்திருக்கும் நாயோடு தினமும் பழகப்போவது அந்தத் தெருக்காரர்கள்தான். அதிலும் குறிப்பாகக் குழந்தைகள். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான் பரவுகிறது.

'திடீர்னு கடிச்சிடுச்சு' உண்மையா?

நாய் கடித்த வீட்டில் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான். 'ஒண்ணும் பண்ணாதுங்க, இன்னைக்கு என்னமோ திடீர்னு கடிச்சிடுச்சு.' பெரும்பாலும் அது திடீர் இல்லை. நாய் பலமுறை சொல்லியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பயந்த நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியே இல்லாமல் உதட்டை நக்கும். தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும். காதைப் பின்னால் மடக்கும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். உடம்பு அப்படியே விறைத்து நிற்கும். அதற்கும் எதிரில் இருப்பவர் விலகவில்லை என்றால்தான் உறுமல். பிறகு பல். கடைசியில் கடி. நார்வே பயிற்சியாளர் துரித் ருகாஸ் இப்படிச் சின்னச் சின்ன அறிகுறிகளைத் தொகுத்து எழுதி, உலகம் முழுக்க நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுபோனவர்.

வால் விஷயத்திலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. வாலாட்டினால் சந்தோஷம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். உடம்பு முழுக்கத் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடினால் சந்தோஷம்தான். உடம்பு விறைப்பாக இருக்க, நிமிர்ந்த வால் மட்டும் வேகமாக அசைந்தால் அது பதற்றம். அப்போது பக்கத்தில் போகக்கூடாது.

இனி உறுமலுக்கு வருவோம். நாய் சாப்பிடும்போது மூன்று வயதுக் குழந்தை கிண்ணத்துக்குப் பக்கத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் உறுமுகிறது. 'சோறு போடுற வீட்டுலயே உறுமுறியா' என்று அப்பா செருப்பால் ஒரு அடி. நாய் ஒடுங்கிவிடுகிறது. பிரச்னை தீர்ந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

நாயின் பக்கம் நடந்தது வேறு. குழந்தை வந்தால் சாப்பாடு போய்விடுமோ என்ற பயம் அப்படியே இருக்கிறது. அதோடு, குழந்தை வந்தால் அடியும் விழும் என்ற புதுப் பயம் சேர்ந்துகொண்டது. நின்றுபோனது உறுமல் மட்டும். அடுத்த முறை குழந்தை வரும்போது எச்சரிக்கை இருக்காது, நேராகக் கடிதான். உறுமலை அடித்து நிறுத்துவது, சமையலறையில் கேஸ் கசிவதைச் சொல்லும் அலாரத்தைப் பிடுங்கிப் போடுவது மாதிரி.

அப்போ என்னதான் செய்வது? அந்த நிமிடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலக வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து நாய்க்கு யாரும் குறுக்கே வராத ஒரு மூலையில் சாப்பாடு. பெரியவர்கள் மட்டும், நாய் உறுமாத தூரத்தில் நின்று, கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை, முள் எடுத்த வேகவைத்த மீன் மாதிரி, கிண்ணம் பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும். தினமும் இதையே செய்தால், 'ஆள் வந்தால் சாப்பாடு போகும்' என்ற பயம் 'ஆள் வந்தால் நல்லது வரும்' என்று மாற ஆரம்பிக்கும். தூரத்தை மெதுவாகக் குறைக்கலாம். நாய் விறைத்தால் ஒரு அடி பின்னால் போக வேண்டும். இதற்கு நாட்கள் ஆகும், சில நாய்க்கு வாரங்கள் ஆகும். இந்த வேலையைக் குழந்தையிடம் ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

அடி உதவுற மாதிரி...

அண்ணன் தம்பி உதவாத இடத்திலும் அடி உதவும் என்ற பழமொழி நாய் விஷயத்தில் எடுபடவில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அதட்டல், சங்கிலி இழுப்பு போன்ற முறைகளில் பழக்கப்பட்ட நாய்களிடம் கொட்டாவி, உதடு நக்கல் போன்ற பதற்ற அறிகுறிகள் அதிகம். பயிற்சி முடிந்ததும் எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. நாய்களுக்குப் பரிசு முறையில்தான் பயிற்சி தர வேண்டும் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் அறிவித்தது.

'தப்பு செஞ்சது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க' என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். சில நாய் தின்றது, சில நாய் தின்னவில்லை. ஆனால் அந்தக் 'குற்றவாளி முகம்' வந்தது உரிமையாளர் திட்டியபோதுதான். தின்னாமல் சும்மா இருந்த நாய்கூட, திட்டு விழுந்தால் அதே முகத்தைக் காட்டியது. அது மன்னிப்புக் கேட்கும் முகம் இல்லை, பயந்த முகம். மதியம் செருப்பைக் கடித்த நாயைச் சாயங்காலம் வந்து அடித்தால், வேலையிலிருந்து வீடு திரும்பும் ஆளைப் பார்த்துப் பயப்படத்தான் அது கற்றுக்கொள்ளும்.

'நாய்க்கு நாமதான் பாஸ்னு காட்டணும்' என்ற வாதமும் பழசு. கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதில் வேரூன்றிய கருத்து அது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மீச் 1999-ல் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். அங்கே பாஸ் என்று யாரும் சண்டை போட்டு ஜெயித்து வருவதில்லை.

சட்டப்படியும் விலங்கை அடித்துத் துன்புறுத்துவது குற்றம்தான், 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி. முதல் தடவைக்கு அதில் சொல்லியிருக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு டீ, ஒரு வடைக்கு மேல் ஆகாது.

வீட்டிலேயே தொடங்குவது எப்படி?

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாவ்லோவ் கதைதான் அடிப்படை. பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு. நாய் கற்றுக்கொள்ளும் விதம் அந்த ஆராய்ச்சியின் நடுவே கண்ணில் பட்ட விஷயம். ஒரு சத்தத்துக்குப் பின்னால் எப்போதும் நல்லது வந்தால் அந்தச் சத்தமே நல்லதாகிவிடும்.

பெயரில் தொடங்கலாம். 'மணி' என்று கூப்பிட்டு, திரும்பிப் பார்த்த நொடியில் ஒரு சின்னத் துண்டு. ஒரு தடவைக்கு கொண்டைக்கடலை அளவு போதும். ரெண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. பரிசு நொடிக்கணக்கில் வர வேண்டும், தாமதமானால் எதற்குக் கிடைத்தது என்றே நாய்க்குப் புரியாது. முக்கியமாக, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அடிக்கவோ குளிப்பாட்டவோ கூடாது. அப்புறம் எந்த நாய் வரும்?

கருவாட்டைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம், சாக்லேட், திராட்சை நாய்க்கு ஆகாது.

சாப்பாட்டு நேரமே நல்ல வகுப்பு. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். குதிக்கும், குரைக்கும். பின்பக்கம் தரையில் பட்டதும் கிண்ணத்தைக் கீழே வைக்கவும். ஒரு வாரத்தில் கிண்ணத்தைப் பார்த்ததும் தானாக உட்காரும். 'உக்காரு' என்ற சொல்லை அதற்கப்புறம் சேர்த்தால் போதும். விருந்தாளி மேல் தாவும் நாய்க்கும் இதே வழி. தாவினால் எல்லாரும் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், நாலு காலும் தரையில் இருந்தால்தான் தடவல். இங்கே சறுக்குவது பெரும்பாலும் மனிதர்கள்தான். அம்மா திரும்பி நிற்பார், மாமா வந்ததும் 'வாடா செல்லம்' என்று தூக்கிக் கொஞ்சுவார். பாடம் அன்றோடு போச்சு.

மீன் இருக்கும் வீட்டில் 'விடு' என்பது அவசியமான சொல். மூடிய கையில் ஒரு துண்டை வைத்து நீட்டினால் நாய் நக்கும், சுரண்டும். அது மூக்கை எடுத்த நொடியில் மறு கையிலிருந்து வேறு துண்டு. பழகியபின் 'விடு' என்று சொல்லிச் செய்யலாம். வாயில் கவ்விய மீனைப் பிடுங்குவதைவிட இது பாதுகாப்பு. அதற்காகக் கருவாட்டைத் தரையில் காயவைத்துவிட்டு நாயைச் சோதிக்கக்கூடாது. உயரமான பரண் கட்டிக் காயவைப்பது எந்தப் பயிற்சியையும்விட வேகமாக வேலை செய்யும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் இரவெல்லாம் குரைத்தால் அது நாயின் குற்றம் இல்லை. காலையும் மாலையும் அரை மணி நேரம், அது மோப்பம் பிடித்தபடி தன் போக்கில் நடக்க விட்டால் பாதிக் குரைப்பு குறையும். இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் திடீரென முரண்டு பிடித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, மூட்டு வலிகூடக் காரணமாக இருக்கலாம்.

நாட்டு நாய் பழகுமா?

'இதெல்லாம் லாப்ரடாருக்குத்தான், தெரு நாய்க்கு எங்க?' என்று கேட்பவர்களுக்குக் கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பதில் வைத்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கிண்ணத்தைக் கையால் சுட்டிக் காட்ட, எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் பக்கத்திலேயே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. இதே குழுவின் 2017 ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். தொடர்ந்து பழகும்போது தெருநாய்கள் சாப்பாடு தருபவரைவிடத் தடவிக் கொடுப்பவரை அதிகம் நம்பின.

பக்கத்தில் வராத அந்தப் பாதியையும் மறக்கக்கூடாது. கல்லடி பட்ட நாய்க்கு நீட்டிய கை என்றால் பயம். அதைத் துரத்தித் துரத்திக் கொஞ்ச வேண்டாம்.

தெருநாய்க்குச் சாப்பாடு வைப்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் வைப்பது நல்லது. குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று 2023-ம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. பைக்கைத் துரத்தும் நாயிடம் வேகத்தைக் கூட்டாதீர்கள். ஓடும் பொருள்தான் அதைத் துரத்த வைக்கிறது, வேகம் குறைந்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

மாசிமகம் வந்தால்

மாசிமகத் தீர்த்தவாரிக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். மீனவ மக்களுக்கு அவர் 'மாப்பிள்ளை சாமி', ஊரே கரையில் திரளும். மேளம், வெடி, கூட்டம் எல்லாம் நமக்குத் திருவிழா, நாய்க்குத் திகில். பயந்தோடும் நாய் வழியில் நிற்கும் குழந்தையைக் கடித்த பிறகு நாயை நொந்து பயனில்லை. அன்று வீட்டு நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாமல், உள் அறையில் ஃபேனையோ டிவியையோ ஓடவிட்டு வைக்கலாம். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. அது தேடி வந்தால் தாராளமாகத் தடவலாம்.

கடித்துவிட்டால்

தெரியாத நாய் ஓடிவந்தால் ஓடாமல், கத்தாமல், கையை மடக்கி மரம் மாதிரி நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகவே கூடாது.

கடியோ நகக் கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களும் ஊசி. தசையில் போடும் முறையில் 14-ம் நாளும் சேர்த்து ஐந்து ஊசி. ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.